விலை மலிவு, காதும் முகமும் மலிவல்ல

நம் வயதுப் பெண்பிள்ளையொருத்தியின் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தால் இரண்டு பொருட்கள் அநேகமாக இருக்கும். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டிக்குள் ஒரு சோடி இயர்பட். மற்றது, மூடியில் பூவோ முத்தோ வரைந்த முகக் க்ரீம் டப்பா. இரண்டும் பெரிய விலையல்ல. பெருநாள் காசிலோ, உம்மா தரும் பஸ் காசில் மிச்சம் பிடித்தோ வாங்கிவிடக்கூடியவை. ஒன்று காதுக்குள் போகிறது. மற்றது தோலுக்குள் போகிறது. இப்படி உடம்போடு ஒட்டி உறவாடும் இரு பொருட்களையும் வாங்கும்போது நாம் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு?"

அந்த ஒரு கேள்வி போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மலிவுப் பொருட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே பெரியவர்கள் பலர் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மோகம் தலைக்கேறிவிட்டது" என்பது அத்தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. மலிவு என்பது பல வீடுகளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட சொல். 1983இல் தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 'சிக்' ஷாம்பூவைச் சிறு பக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கியபோது, போத்தல் வாங்க வசதியில்லாத கிராமத்துப் பெண்களின் கைக்கு ஷாம்பூ வந்து சேர்ந்தது. 2020இல் எமது பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கையடக்கத் தொலைபேசிக்குள் நுழைந்தபோதும் அப்படித்தான். ஒரே அறையில் தம்பி ஒரு வகுப்பையும் தங்கை இன்னொரு வகுப்பையும் கேட்க வேண்டியிருந்தது. அன்று அந்த வீடுகளைக் காப்பாற்றியவை முன்னணி நிறுவனங்களின் விலையுயர்ந்த ஹெட்போன்களா? சந்திக் கடையில் தொங்கிய சாதாரண ஹேண்ட்ஸ்ஃப்ரீகள்தாமே! 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், நல்ல பெயருள்ள இறக்குமதிப் பொருட்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாமற் போயின. மலிவானதைத் தேடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்படியாயின் எங்கே பிழை? மலிவான பொருளை வாங்குபவளுக்கு உண்மையையும் மலிவாகக் கொடுத்தால் போதும் என்று வியாபாரம் நினைப்பதிலேதான் பிழை இருக்கிறது.

முதலில் காதுக்கு வருவோம். இந்தியாவின் 'போட்' நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். 2016இல் அமன் குப்தா, சமீர் மேத்தா ஆகிய இருவரும் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் விற்றது இலகுவில் அறுந்து போகாத சார்ஜர் வயரை. பிறகு இயர்போன், இயர்பட், ஸ்பீக்கர், கைக்கடிகாரம் என்று விரிந்து, சில ஆண்டுகளிலேயே அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் ஒலிச்சாதனப் பெயர்களுள் ஒன்றாகிவிட்டது. ஆரம்பத்தில் சீனத் தொழிற்சாலைகளில் பொருளைச் செய்வித்தார்கள். பின்னர் பெரும்பகுதியை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கினார்கள். நடுத்தர வீட்டுப் பிள்ளையால் வாங்கக்கூடிய விலையை வைத்தது அவர்களது கெட்டித்தனம்.

ஆனால் விலை மட்டும் அந்தப் பொருளை விற்கவில்லை. கிரிக்கெட் வீரர்களும் திரை நட்சத்திரங்களும் விளம்பரத்தில் தோன்றினார்கள். வாங்கியவர்களுக்கு 'போட்ஹெட்ஸ்' என்று ஒரு குலப்பெயர் சூட்டப்பட்டது. லக்மே என்பது அழகுசாதனப் பெயர் என்பதை நாம் அறிவோம். அப்பெயரால் நடக்கும் லக்மே ஃபேஷன் வீக் மேடையில் மாதிரியழகியரின் உடையலங்காரத்தோடு போட் ஒலிச்சாதனங்களும் பவனி வந்தன. பாட்டுக் கேட்கும் கருவி தோடு, வளையல்போல ஓர் அணிகலனாக மாறியது அங்கேதான். காதுக்கான பொருளும் முகத்துக்கான பொருளும் ஒரே மேடையில் ஏறியது தற்செயல் அல்ல. இரண்டையும் விற்கும் முறை ஒன்றுதான். பொருள் என்ன செய்யும் என்பதைவிட, அதை அணிந்தால் நீ யாராகத் தெரிவாய் என்பதையே இரண்டும் முதலில் சொல்கின்றன.

பெட்டியில் எழுதியிருப்பதை நாம் வாசிப்பதேயில்லை. வாசித்தாலும் அது விளங்காதபடிதான் எழுதியிருக்கும். உதாரணமாக, மலிவான இயர்பட் பெட்டிகளில் 'ஈ.என்.சி' என்ற எழுத்துகள் பெரிதாக இருக்கும். சத்தத்தைத் தடுக்கும் என்று நினைத்து நாம் வாங்குவோம். உண்மையில் அது நாம் பேசும்போது நமது மைக்குக்குள் புகும் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு. அதன் பயன் மறுமுனையில் இருப்பவருக்கே. கேட்பவரின் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைப்பது 'ஏ.என்.சி' என்னும் வேறொரு தொழில்நுட்பம். ஓர் எழுத்துதான் வித்தியாசம்! அதேபோல '40 மணித்தியாலம்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பெட்டியிலுள்ள பற்றரியையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. காதில் போட்டால் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் ஓடாது. இவற்றுள் எதுவும் முழுப் பொய் அல்ல. விளங்காதவளுக்கு விளங்கப்படுத்தாமல் விட்ட உண்மைகள்.

அந்தப் பெட்டியில் எழுதப்படாமல் விடப்படும் விடயம் இன்னும் முக்கியமானது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதே அது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபலுக்கு ஏறினால் வாரத்துக்கு 4 மணித்தியாலந்தான். சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. சாதாரண இயர்போன்கள் முழுச் சத்தத்தில் 100 டெசிபலைத் தாண்டக்கூடியவை. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. இறந்துபோனவை மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. 12 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தகைய கேட்கும் பழக்கத்தால் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக அதே ஸ்தாபனம் எச்சரித்திருக்கிறது.

இது எங்கோ உள்ளவர்களின் கதை என்று நினைக்க வேண்டாம். பின்னேர வகுப்புக்குப் போகும் தனியார் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்தின் இரைச்சல் ஒருபுறம், சாரதி போடும் பாட்டு மறுபுறம். அந்த இரண்டுக்கும் மேலாகக் கேட்க வேண்டும் என்று நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் வசதி மலிவான கருவிகள் பலவற்றில் இருப்பதில்லை. அது இல்லாத மலிவுக் கருவியை அணிபவள் இரைச்சலோடு போட்டியிட்டுத் தன் காதையே பணயம் வைக்கிறாள். எமக்கு இன்னொன்றும் இருக்கிறது. முந்தானையும் ஹிஜாபும் காதை மூடியிருப்பதால் நாம் எவ்வளவு நேரம் இயர்பட் போட்டிருக்கிறோம் என்பது உம்மாவுக்கும் தெரியாது, ஆசிரியைக்கும் தெரியாது. "போதும், கழற்று" என்று சொல்ல ஆளில்லை. வியர்வையும் வெப்பமும் காதுக்குள்ளேயே தங்கினால் அழற்சியும் பூஞ்சணமும் வர வாய்ப்புண்டு. ஆகவே நமக்கு நாமே காவலாக இருக்க வேண்டியிருக்கிறது. சத்தத்தை அறுபது வீதத்துக்கு மேல் ஏற்றாதிருப்பதும், இடைக்கிடை காதுக்கு ஓய்வு கொடுப்பதும் காசு செலவில்லாத வைத்தியம்.

இனி முகத்துக்கு வருவோம். இங்கே விடயம் இன்னும் கூர்மையானது. 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபெயார் அண்ட் லவ்லி' என்ற க்ரீமை அறிமுகப்படுத்தியது. வெள்ளை நிறமும் அழகும் ஒன்றே என்று அந்தப் பெயரே சொன்னது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020இல், உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது அப்பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. 'வெள்ளை' போய் 'பிரகாசம்' வந்தது. ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகளாக எமது வீடுகளுக்குள் ஊற்றப்பட்ட எண்ணம் ஒரே நாளில் வடிந்துவிடுமா? இன்றும் ஒரு திருமணப் பேச்சில், "புள்ள குணமான புள்ளதான், கொஞ்சம் மாநிறம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பிள்ளைதான் மறுநாள் க்ரீம் தேடிப் போகிறாள். அவளை மோகம் பிடித்தவள் என்று ஏசுவது அநியாயம். அவளுடைய மனதில் குறையை வைத்தவர்கள் நாம். அதற்கு மருந்து விற்பவர்கள் வியாபாரிகள்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் க்ரீம்களிலாவது உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும். அவற்றைவிட மலிவாகவும் விரைவாகவும் 'ஏழே நாளில் வெள்ளை' என்று வரும் டப்பாக்களைப் பற்றித்தான் எனது பெரும் கவலை. சிலவற்றில் உற்பத்தியாளர் பெயரில்லை, தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. இவ்வளவு வேகமாகத் தோலை வெளுக்கச் செய்யும் பொருட்களுள் முக்கியமானது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. ஆகவே முதல் வாரத்தில் முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் அதே பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கிறது, நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. அது ஆவியாகக்கூடியது என்பதால் பூசுபவளோடு நின்றுவிடுவதுமில்லை. ஒரே தலையணையில் படுக்கும் தங்கைக்கும், ஒரே துவாயைப் பாவிக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரலாம். பாதரசம் பற்றிய மினமாட்டா சமவாயத்தின் கீழ் பாதரசம் சேர்த்த வெண்மைக் க்ரீம்களின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றுக்கு 2020ஆம் ஆண்டு எல்லையாக வைக்கப்பட்டது. இலங்கையும் அச்சமவாயத்தின் ஒரு தரப்பு. சட்டம் வந்த பின்னரும் டப்பாக்கள் வருகின்றன, வாங்குபவர்கள் கேட்காத காரணத்தால்.

உலக சுகாதார ஸ்தாபனம் தரும் ஓர் அடையாளத்தை எமது தோழியர் மனனம் செய்துகொள்ள வேண்டும். "தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு க்ரீமின் பாவனைக் குறிப்பு சொன்னால், அதற்குள் பாதரசம் இருக்கக்கூடும். காரணம், பாதரசம் உலோகங்களோடு சேர்ந்து அவற்றைக் கெடுக்கும். கையில் கிடக்கும் வளையலுக்காக எச்சரிக்கும் டப்பா, கன்னத்துக்காக எச்சரிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 'கலோமெல்' என்ற சொல் இருந்தாலும் அதுவும் பாதரசமே. பாதரசம் இல்லாத சில டப்பாக்களில் வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக்கூடாத ஸ்டீரொயிட் மருந்து கலந்திருப்பதுண்டு. அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிறுத்திய உடனே முன்பிருந்ததைவிட மோசமாகச் சிவந்து வெடிக்கும். நிறுத்த முடியாமல் மறுபடி வாங்கச் செய்வதும் அதுவே.

பெருநாளும் கலியாணமும் நெருங்கும்போது எமது கைகளுக்கும் இதே ஆபத்து வருகிறது. மருதாணி இலையின் இயற்கை நிறம் செம்மண்ணிறம். அது பிடிக்க மணிக்கணக்காகும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மெஹந்தி' கோனில் மருதாணியை நம்பிப் பயனில்லை. அத்தகைய கோன்களில் பீ.பீ.டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தலைமயிர்ச் சாயப் பொருள் கலக்கப்படுவது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதனைத் தலைமயிர்ச் சாயத்தில், அதுவும் அளவோடு மட்டுமே சேர்க்கலாம். தோலில் நேரடியாகப் பூச அனுமதியில்லை. சிலருக்குக் கோலம் வரைந்த கோட்டிலேயே கொப்புளம் எழும்பி, தழும்பாக நின்றுவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுள் முழுக்கக் கூட வரும்.

இதற்கெல்லாம் கடைகளில் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது: "இந்த விலைக்கு இதுதான் கிடைக்கும் தங்கச்சி." நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்த வாதத்தைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். எமது நாட்டில் பாணைவிட மலிவான சாப்பாடு எது? ஆனாலும் ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானி வெளியிட்டார்கள். "இந்த விலைக்கு இவ்வளவு நிறைதான்" என்று எந்த பேக்கரிக்காரரும் சொல்ல முடியாது. விலை குறைந்தால் வசதி குறையலாம். பெட்டியின் பளபளப்பும் இசையின் இனிமையும்கூடக் குறையலாம். பாதுகாப்பும் உண்மையும் குறையக்கூடாது. பாணுக்கு இருக்கும் நியாயம் முகத்துக்கும் காதுக்கும் இருக்கத்தானே வேண்டும்?

அந்த நியாயம் எமது சட்டத்திலும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் விதத்திலோ சொல்வதைத் தடை செய்கிறது. பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுக்க வேண்டும். பொருளில் பிழையிருந்தால் வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் தெரிவிக்கலாம். ஆனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எமது ஊர்ச் சந்தி வரை நாம் கேட்பது என்ன? "கம்பனி வாரண்டி இல்ல, செக்கிங் வாரண்டி மட்டும்தான்." அதாவது கடைக்குள் நிற்கும்போது வேலை செய்தால் சரி. இணையத்தில் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 'விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்' என்பார்கள். 'மாஸ்டர் கொப்பி' என்று போலியையே பெருமையாக விற்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கிய பொருளுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வருவது கடினம். ஐம்பது ரூபா குறைத்துத் தருகிறேன் என்றதற்காகப் பற்றுச்சீட்டை விட்டுக்கொடுப்பவள், தன் மூன்று மாத உரிமையை ஐம்பது ரூபாவுக்கு விற்றுவிடுகிறாள்.

இங்கே ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தபடி க்ரீமும் மெஹந்தி கோனும் விற்பவர்களில் பலர் எமது சமூகத்துப் பெண்களே. கணவனை இழந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக உழைப்பவர்கள் என்று அவர்களுள் பலர் உள்ளனர். அவர்களது அடுப்பை அணைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தானே அரைத்த மருதாணியை நம்பிக்கையோடு தரும் தாத்தாமார் ஏராளம். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒரு சிறு லேபலைத்தான். உள்ளே என்ன இருக்கிறது, எப்போது செய்தது, யார் செய்தது என்ற மூன்று வரி போதும். உண்மையானதை விற்பவருக்கு அந்த மூன்று வரி ஒரு விளம்பரம். வேறெங்கோ செய்த டப்பாவை வாங்கித் தம் பெயரை ஒட்டி விற்பவருக்கு மட்டுமே அது பாரம்.

ஆகவே தோழியரே, இந்தப் பெருநாளுக்குக் கடைக்குப் போகும்போது "எவ்வளவு?" என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கூட்டிக் கேளுங்கள். "இதைச் செய்தது யார்? உள்ளே என்ன இருக்கிறது? பழுதானால் யாரிடம் வருவது?" பதில் வந்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள், மலிவாக வாங்கியதற்காகத் தலைகுனிய வேண்டாம். பதில் வராவிட்டால் பொருளை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விஞ்ஞான வகுப்பில் டெசிபலையும் பாதரசத்தையும் படிக்கிறோம். குடியியல் வகுப்பில் உரிமையைப் படிக்கிறோம். பரீட்சைத் தாளில் மட்டும் எழுதுவதற்காகவா அவற்றைப் படித்தோம்? ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் லேபல் இல்லாத டப்பாவை வாங்க மாட்டோம் என்று நின்றால், அடுத்த மாதம் அந்த ஊர்க் கடையில் லேபல் உள்ள டப்பா வந்துவிடும். வியாபாரம் எப்போதும் கேட்பவரின் குரலைக் கேட்கும். இதுவரை அது எமது பணத்தின் குரலை மட்டுமே கேட்டிருக்கிறது. இனி எமது கேள்வியின் குரலையும் கேட்கட்டும்.